நெத்திலி 0.7

கருங்கல் சந்திப்பில் ஜெராக்ஸ் எடுக்கும் விஜிலா
முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
‘கெர்னல்னு போட்டிருக்கே, எந்த கிரேடு?
முந்நூத்தி இருபதா, இருநூத்தி நாப்பதா?’

ஆறு வருடம் அண்டியாபீசில் இருந்தவள்.
ஓட்டின் எண்ணெய் தின்ற விரல்நுனிகளால்
பக்கங்களை எண்ணினாள். பதினொன்று.
இது கணினிக்குள் இருக்கும் பருப்பு என்றேன்,
ஒன்பதாயிரத்துச் சொச்சம் வரி,
லேசில் உடையாது.
‘உடையாததுக்குத்தான் வெல கூடுதல்.’

விலை இல்லை. அதுதான் சிக்கல்.
இலவசம் என்று முதல் பத்தியிலும்
எதற்கெல்லாம் இலவசம் இல்லை என்று
மீதிப் பத்துப் பக்கத்திலும் இருக்கிறது.

ஆய்வுக்கு மட்டும்.
விற்கக் கூடாது, விற்கும் பொருளோடு சேர்த்துக் கட்டக் கூடாது,
திருத்தினால் திருத்தம் கல்லூரியைச் சேரும்.
இரண்டு பிரதி கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பினால்
மூல நிரல் வந்து சேரும்,
வேலை நாட்களில்.

நான்கு ஆண்டில் ஏழு பேர் கேட்டார்கள்.
ஐந்து பேர் ஆய்வேட்டின் அடிக்குறிப்புக்காக.
ஒருவர் தவறுதலாக.
ஏழாவது ஆள் டெல்பின், குளச்சல் துறைமுகத்தில்
வயர்லெஸ்ஸும் எக்கோ சவுண்டரும் பழுது பார்ப்பவன்.

கேட்பதற்கு முன்பே வைத்திருந்தான்.
பயிலரங்கில் நான் மறந்துவிட்டு வந்த பென்டிரைவ்.
டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி,
அவன் மச்சானின் வள்ளத்தில், அணியத்துக்குக் கீழே.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
இங்கே இருக்கிறேன் என்று கரைக்குச் சொல்ல வேண்டும்.
ஜி.பி.எஸ். செத்தால் ஜி.பி.எஸ்ஸை மட்டும் எழுப்பும்,
பக்கத்தில் ரேடியோ விழித்துக்கொள்ளாது.
அதற்காகத்தான் எழுதினேன். ஆனாலும்
உப்புத்தண்ணீர் தெறிக்கும் இடத்தில் அது நடந்து
நான் பார்த்ததில்லை.

நாற்பத்தொன்பது நாள் ஓடியது.
ஐம்பதாவது நாள் ஊமையானது.
மில்லிநொடிகளை எண்ணும் என் கடிகாரம்
முப்பத்திரண்டு பிட்டும் நிரம்பிச்
சுழியத்துக்குத் திரும்பிவிட்டது.
ஆய்வகத்தில் எந்த யந்திரமும்
ஒரு வாரத்துக்கு மேல் ஓடியதில்லை.
வெள்ளிக்கிழமை மெயினை அணைத்துவிடுவார் வாட்ச்மேன்.

டெல்பின் ஒரே வரியில் சரி செய்திருந்தான்.
அழகான வரி இல்லை. சரியான வரி.
ஆறாம் விதிப்படி அது எங்களுடையது.
மூன்றாம் விதிப்படி அது நடந்திருக்கவே கூடாதது.
மச்சானிடம் ஆயிரத்து எண்ணூறு வாங்கினானாம்,
சாமான் விலை மட்டும்.
‘அது யாவாரமா மேடம்?’

சட்ட ஆலோசகர் நாகர்கோவிலில் இருந்து சொன்னார், ஆம்.
ரூபாய் கைமாறினால் ஆம்.
மீன் கைமாறினால்? என்றேன்.
போனில் கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் கேட்டது.

அவன் அனுப்பிய பதிவு என் லேப்டாப்பில் இருக்கிறது.
ஏழாயிரத்துக்கு மேல் அழைப்பு. தவறியது மூன்று.
என் ஆறு வருடத்தில் இதைவிட நல்ல முடிவு இல்லை.
எழுதி வெளியிட்டால்
முதல் சான்றே ஒரு விதிமீறல்.

முறைப்படி கேள் என்றேன். கேட்டான்.
இரண்டு பிரதி, ஈரம் பட்டு ஓரம் நெளிந்து.
நிறுவனம்: இல்லை.
துறைத்தலைவர்: இல்லை.
பயன்பாட்டின் நோக்கம் என்ற கட்டத்தில்
நீல மையில், போயிட்டு வர.

பதிவாளர் அலுவலகம் பென்சிலால் சுழித்து அனுப்பியிருக்கிறது:
‘ஆய்வா? தெளிவுபடுத்தவும்.’

நேற்று ராத்திரி மூன்றாம் விதியை எடுத்தேன்.
அதைத் தாங்கிக்கொண்டிருந்த மற்றவையும்
ஒவ்வொன்றாய்க் கழன்று வந்தன.
இப்போது ஒன்றேகால் பக்கம்.
கடிகாரத்தைத் திருத்தியவர் டெல்பின், குளச்சல்
என்று ஒரு வரி கூடியிருக்கிறது.
செவ்வாய்க்கிழமை குழு கூடும்.
என் கையெழுத்து மட்டும் போதாது.

பழைய பதினொன்றையும் தட்டி அடுக்கிவிட்டு
விஜிலா கேட்டாள், புதுசு எத்தனை காப்பி?

யார் கேட்டாலும் என்றுதான் அதில் எழுதியிருக்கிறது.
ஐந்து என்றேன்.