ஐந்தரை மணித்தியாலம்

பரமேஸ்வராச் சந்தியில், போட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே
நொத்தாரிசு குணநாயகத்தின் கந்தோர்.
இருப்பது ஒரேயொரு கொம்பியூட்டர்.
பகலில் அது உறுதி எழுதும்,
பழைய விண்டோஸில், பாமினி எழுத்தில்.
வேறெங்கும் திறந்தால்
'வடக்கு எல்லை' ஆங்கில எழுத்தாய்ச் சிதறி
ஒவ்வொரு மெய்யின் புள்ளியும்
அரைப்புள்ளியாய் வந்து நிற்கும்.

ஆறு மணிக்குப் பிறகு அது எனக்கு.
"என்னவும் செய் பிள்ளை,
உறுதியள் இருக்கிற பக்கம் கை வைச்சிடாதை."

சனிக்கிழமை. பென்ட்ரைவில் உபுண்டு.
நகல் இரண்டு தரம் எடுத்தாயிற்று.
ஐந்நூறு ஜீபியில் எண்பது போதும் எனக்கு.
திரையில் நீளமாய் ஒரு பட்டை,
நடுவே இழுத்தால் நகரும் கோடு.
இந்தக் கந்தோருக்கு வரும் வழக்கில் பாதி
இராவோடிராவாய் நகர்ந்த கதியாலால் வந்தது.
நானும் நகர்த்தினேன்,
எண்பத்திரண்டு.
வேலிக்கு அப்பாலிருந்து
"ஆரது?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அறுபத்தொரு வீதத்தில் லைட் மங்கியது.
யூபிஎஸ் ஏழு நிமிடம் தாங்கும்.
அந்தோனியாரே என்றேன்,
பிள்ளையாரையும் விட்டுவைக்கவில்லை.

பிறகு கறுப்புத் திரை, இரண்டு பெயர்,
பத்து விநாடி அவகாசம்.
ஒன்றும் தொடாவிட்டால்
ஐயாவின் பக்கமே திறக்கும்படி வைத்தேன்.

திங்கள் காலை ஒன்பது. மார்கழி மழை.
மூலைக் கடிகாரத்தில் மூன்றரை.
"உறுதியில நேரம் பிழைச்சால் ஆர் கோட்டுக்குப் போறது?"

லினக்ஸ், உள்ளே இருக்கும் கடிகாரத்தை
கிரீனிச்சுக்குத் திருப்பிவிட்டு
தன் பக்கத்தில் மட்டும்
ஐந்தரை கூட்டிக் காட்டும்.
விண்டோஸுக்கு அந்தச் சூது தெரியாது,
கண்டதை அப்படியே நம்பும்.
இதை ஐயாவுக்கு எங்கிருந்து தொடங்குவது?
"லண்டன் நேரம், ஐயா" என்றேன்.
விரல் மடித்து எண்ணவில்லை.

எனக்கு முன் இதே கதிரையில் இருந்து
இதே உறுதிகளை அடித்த நிரூபன்
ஈலிங்கில், பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை.
அங்கே மூன்றரைக்குத்தான் ஆள் குறையும்.
போன் அதிர்ந்தது:
"பாமினி இன்னும் ஓடுதோ?"

கட்டளை ஒரு வரிதான். தட்டினேன்.
ஒன்பது பதினொன்று.
ஐயா தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துத்
தலையாட்டினார்.
அது நாலு நிமிடம் பிந்தி ஓடுவது
கந்தோர் முழுக்கத் தெரியும்.

"ஓடுது" என்று அனுப்பினேன்.
"பக்கத்தில இன்னொண்டும்."