வலப்பக்க இருக்கை

கொட்டாஞ்சேனையிலிருந்து பொரளைக்குப்
போகும்போதும் வலப்பக்கம்
திரும்பும்போதும் வலப்பக்கம்
சாரதிக்குப் பின்னால்.
காலை வெயில் இடப்பக்கம் ஏறும்.
பின்நேரம் பஸ் திரும்பியிருக்கும்,
வெயிலும் மறுகரைக்குச் சரிந்திருக்கும்,
அப்போதும் இடப்பக்கம்தான்.
இதைக் கண்டுபிடிக்க
எனக்கு ஏழு கிளினிக் ஆனது.

ஓ.எல்லோடு நின்றவன்,
ஆமர் வீதி இரும்புக்கடையில் ஆணி நிறுப்பவன்,
பூகோளம் இப்போதுதான் விளங்குகிறது.
ஜெம்பட்டா வீதியில் எந்த மதிலுக்கு
எத்தனை மணிவரை நிழல் உண்டு,
எந்தக் கடைக்காரர் தகரத்தை இன்னும் ஒரு முழம்
வெளியே இழுத்திருக்கலாம்,
எல்லாம் தெரியும்.

முதலில், விரல்மூட்டு நோகுது என்றாள் ஷெரோமி.
எழுத்துவேலை கூடிப்போச்சு என்றேன்.
காலையில் எழும்ப ஏலாது என்றாள்.
போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.
இல்லவிளையாட்டுப் போட்டியன்று
இருநூறு மீற்றர் ஓடமாட்டேன் என்று
சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.
சோம்பல் என்றேன்.
அவள் ஓடினாள்.
நான்காவதாக வந்தாள்.
அன்றிரவு மூக்கின் இரு கரையிலும்
சிவந்து தடித்தது முகம்.

டொக்டர் மிஸ் தாளில்
வண்ணத்துப்பூச்சி வரைந்து காட்டினார்.
லூப்பஸ் என்று கீழே எழுதினார்.
ஷெரோமி என் காதுக்குள் சொன்னாள்:
பூச்சி இல்லப்பா,
வெயில் அறைஞ்ச அடையாளம்.

குளுசையில் கன்னம் ஊதி
வகுப்புப் படத்தில் தன்னைத் தானே தேடினாள்.
ஜெசிந்தா யூனிஃபோர்முக்கு நீளக் கை வைத்துத் தைத்தாள்,
அதிபரிடம் கடிதம் வாங்கினாள்,
பப்பாசி இலை, கருஞ்சீரகம் என்று வந்தவர்களுக்கெல்லாம்
பிளேன்ரீ கொடுத்து அனுப்பினாள்.
ஒட்டுமா என்று கேட்ட பிள்ளைக்கு
ஷெரோமியே பதில் சொன்னாளாம்:
ஒட்டாது. என் உடம்புக்கு என்னோடதான் கோபம்,
உன்னத் தெரியாது.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக்கு
நான் மட்டும் போகிறேன்.
அந்த வரிசை வெயிலில் நிற்கும்.
அந்தோனியாரே,
காணாமல் போனதைக் கண்டெடுத்துத் தருபவரே,
குடை கேட்கவில்லை, சுகம்கூட இன்றைக்குக் கேட்கவில்லை.
அவள் சப்பாத்தோடு நின்ற அந்தக் காலையை
ஒருக்கால் திருப்பித் தாரும்.
மெழுகுதிரி என் விரலில் சொட்டியது.

காலையில் சலத்தில் நுரை இருக்கா என்று
கேட்கச் சொல்லியிருக்கிறார்கள்.
பன்னிரண்டு வயசுப் பிள்ளையிடம்
அப்பா கேட்கிற கேள்வியா?
அவளே ஒரு வழி கண்டாள்.
கதவில் ஒரு தட்டு என்றால் இல்லை.
இரண்டு என்றால் இருக்கு.
ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில்
எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று
அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்று ஒரு தட்டு.
நான் கதவடியில் நின்றேன்.
குழாய் மூடும் சத்தம்.
நின்றேன்.
வெளியே வந்து, என்னப்பா,
நூற்றியெழுபத்தாறு போயிரும் என்றாள்.

வலப்பக்கம் நிறைந்திருந்தது.
கொண்டக்டர் கை விரித்தார்.
இடப்பக்கத்தில் யன்னலோரம் நான் நகர்ந்து
உள்பக்கம் அவளை இருத்தினேன்.
ஆமர் வீதிச் சந்தியில் பஸ் நின்றது நின்றதுதான்.
வெயில் என் கன்னத்தில், கழுத்தில், சட்டைக் கொலரில்.

உங்களுக்குச் சுடல்லயா?

சுடுது என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள்.
நம்புறேன் என்றாள்.
பிறகு விஞ்ஞானக் கொப்பியை விரித்து
எனக்கும் யன்னலுக்கும் நடுவில் பிடித்தாள்,
நோகிற விரல்களால்,
மருதானைப் பாலம் தாண்டும்வரை.