பிசின் பை

ஈரப்பதம் நாற்பத்தேழு.
போர்ட் ஆல்பர்னியில் எட்டாம் நாள் மழை.
என் கராஜுக்குள் ஒரு இயந்திரம்
அதே மழையைக் காற்றிலிருந்து உறிஞ்சி
வாளியில் சேர்க்கிறது.
இரவில் மூன்று முறை எழுந்து கொட்டுகிறேன்.
கைக்குழந்தைக்காரி போல என்கிறான் கணவன்,
கைக்குழந்தைக்கே எழுந்திராதவன்.

லைல் டூஷெட் கூரைக்குச் சீடார் பிளக்கிறவன்.
இந்த ஸ்ப்ரூஸ் கட்டை
தெப்பத்திலிருந்து அறுந்து கரைக்கு வந்ததாம்.
நாற்பது டாலர்.
ஒரு துண்டின் மூலையைக் கிள்ளித் தூக்கிப் பிடித்து
விரல் கணுவால் தட்டினேன்.
உள்ளே யாரோ எழுந்து வந்தார்கள்.
மறுபடி தட்டத் தேவையில்லை.
ஆனாலும் தட்டினேன், உதட்டைப் பிதுக்கி,
ஐந்து டாலராவது குறைப்பான் என்று.
குறைக்கவில்லை.

பின்பலகைக்கு ஈட்டி.
பெட்டியின் மேல் ரோஸ்வுட் என்று இருந்தது,
கூடவே முத்திரை குத்திய அனுமதித் தாள்கள்,
கடவுச்சீட்டை விடக் கனமாக.
சீவச் சீவ ஊதாத் தூள்.
கராஜெல்லாம் ரோஜா வாசம்.
தும்மினால் கைக்குட்டையிலும் ஊதா.
எறிகிற ஈட்டிக்கும் இதற்கும் ஏன் ஒரே பெயர் என்று
கூரான உளியைப் பிடித்துக்கொண்டு யோசிக்கக் கூடாது.
இடது கட்டைவிரலில் தையல் இரண்டு.

கிதார் டார்சி விக்ஸ்ட்ரமுக்கு.
நனைமோ ஃபெர்ரியில் வடம் கட்டுகிறவன், இடதுகைக்காரன்,
மாதம் இருநூறாகத் தருகிறான்.
வலதுகைக் கிதாரில் நரம்புகளை இடம் மாற்றி மாட்டி
இருபது வருஷம் வாசித்தவன்.
உள்ளே விசிறியாய் ஒட்டும் சட்டங்களும்
உனக்காகத் திரும்பி நிற்கும் என்று நான் சொன்னபோது
போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

ஒலித்துளையைச் சுற்றி வளையம் பதித்தாயிற்று.
மேற்பலகை இரண்டரை மில்லிமீட்டருக்கு
இறங்கிக்கொண்டிருந்தது.
ஓரிடத்தில் இழைப்புளி வழுக்கியது.
தேன் நிறத்தில் ஒரு கீறல்,
நகத்தின் பிறையளவு.
பிசின் பை.
ஏதோ ஒரு பெருங்காற்றில் மரம் வளைந்து
ஒடியாமல் நிமிர்ந்த இடம்.
நூற்றெண்பது வளையம் எண்ணியிருந்தேன்,
இது கணக்கில் வரவில்லை.

நேற்றுவரை மணி.
இன்று தட்டினால் நடுவே ஒரு செருமல்.
நிஜமாகவே செருமுகிறதா,
கண் சொல்லிக்கொடுத்ததைக்
காது ஒப்பிக்கிறதா?

மதுவந்தியைக் கூப்பிட்டேன்.
ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தாள்.
இதையும் இன்னொரு பலகையையும்
உன் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றித் தட்டு,
நான் திரும்பி நிற்கிறேன், எது நல்லது என்று சொல்கிறேன்.
இரண்டு முறை நான் புகழ்ந்தது
பிசின் பலகையை.
மூன்றாம் முறை அவள் தட்டியது
மேசையை.
"அதுக்கும் சூப்பர்னு சொன்னீங்கம்மா."
ஹெட்போனை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பதினாறு கிதார் கட்டிய காது.
அன்றிரவு வாளிக்காக எழுந்தபோது
மேசையையும் ஒரு தட்டு தட்டினேன்.
மோசமில்லை.

காலையில் டார்சியை அழைத்தேன்.
ஒளிக்கவில்லை. இன்ன இடம், இன்ன நீளம்,
வேறு பலகை என்றால் இன்னும் ஐந்து வாரம்.
அவன் பக்கம் எஞ்சின் இரைச்சல்,
கார்கள் இறங்கும் இரும்புச் சத்தம்.
"நீர்மட்டத்துக்கு மேலேயா, கீழேயா?"
சிரிக்காமல்தான் கேட்டான்.
நானும் சிரிக்காமல் யோசித்தேன்.
குதிரைக்கு மேலே, மந்தர நரம்புகளின் பக்கம்.
மேலே, என்றேன்.
"அப்படின்னா விடுங்க."

ஸ்பிரிட் தொட்ட துணியால்
பிசினை ஒற்றியெடுத்தேன்.
அதே கட்டையின் சிம்பு ஒன்றை
ரேகை பார்த்துப் பொருத்தி ஒட்டினேன்.
கிளாம்பை இறுக்கிய விரல்கள்
ஒன்றையொன்று விடமாட்டேன் என்றன.
வாளி நிறைந்திருந்தது.
முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு போய்
மழையில் கொட்டினேன்.