சுழி

பெர்மியோ துறைமுகத்தில் நெத்திலிப் பருவம்.
கரைக்காவல் நிலையத்தின் இரண்டாம் மாடியில்
நெகானே எழுதிய நிரல் இரவு பகலாக ஓடுகிறது.
படகுக்குள் பயணம், பயணத்துக்குள் ஆட்கள்,
ஆட்களுக்குள் மூன்றாமவன்
(எந்திரக் கணக்கில் அவன் இரண்டாமவன்,
அங்கே எண்ணத் தொடங்குவதே பூஜ்யத்திலிருந்து),
அவனுக்குள் வீடு, வீட்டுக்குள் தொலைபேசி எண்.
புள்ளி வைத்துப் புள்ளி வைத்து
உள்ளே இறங்கும் ஒரே வரி.

போன குளிர்காலம் வரை
நடுவில் ஒரு படி இல்லையென்றால்
நிரல் தலைகுப்புற விழும்.
சிவப்பு எழுத்தில் ஒப்பாரி,
அப்புறம் கறுப்புத் திரை.
ஓர் அறையைக் காணோம் என்பதற்காக
வீடே இடிந்து விழுவதா என்று
அதிகாலை மூன்று மணிக்கு அவளை எழுப்பிக்
கத்துவான் கைஸ்கா.

அதனால் ஒரு நூலகத்தை இறக்கினாள்.
பணிவான நூலகம்.
ஒவ்வொரு கதவாகத் தட்டும்,
திறந்தால் நுழையும்.
கதவே இல்லாத சுவரென்றால்
முட்டிக்கொள்ளாது,
நாம் முன்பே கையில் கொடுத்தனுப்பிய பதிலை
உள்ளிருந்து எடுத்துவந்ததுபோல் நீட்டும்.

இல்லாவிட்டால் என்ன சொல்லட்டும்?
அது கேட்டது அவ்வளவுதான்.
வெள்ளிக்கிழமை, மணி ஐந்தரை,
மகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவர வேண்டும்.
0 என்று அடித்துவிட்டுப் போனாள்.

நான்கு மாதம் யாரும் அவளை எழுப்பவில்லை.

மே பதினொன்று. வடமேற்குக் காற்று.
மச்சிச்சாகோ முனைக்கு வடக்கே
ஒரு குறி நகராமல் நின்றது.
படகு: எகுஸ்கி.
நீளம்: பதினேழு மீட்டர்.
ஆட்கள்: 0.

பிழை இல்லை, சிவப்பு இல்லை,
துடைத்து வைத்ததுபோல் ஒரு வட்டம்.
கணக்கில் அதற்குச் சுழி என்று பெயர்.
கடலிலும் அதே பெயர்தான்,
அங்கே அது ஆளை விழுங்கும்.

கைஸ்கா பத்தொன்பது வருடம் கடலில் கிடந்து
முழங்கால் போய்க் கரையேறியவன்.
நிரலில் ஒரு வரி தெரியாது.
யாரும் இல்லாத படகு
தானே கயிறவிழ்த்துக்கொண்டு
நெத்திலி பிடிக்கப் போயிற்றாமா?
யாரிடமும் இல்லை, காப்பிக் கோப்பையிடம் கேட்டான்.
கேட்டுக்கொண்டே மீட்புப் படகை அனுப்பினான்.

ஐந்து பேர்.
புறப்பட்ட அவசரத்தில் படகுத் தலைவர்
ஆள்பட்டியலை அனுப்ப மறந்திருக்கிறார்.
காலியான பட்டியல் வேறு,
வந்தே சேராத பட்டியல் வேறு.
இரண்டுக்கும் ஒரே முட்டையைப் போட்டிருந்தது
அவளுடைய வெள்ளிக்கிழமை.

நனைந்து இறங்கினார்கள்.
ஒருவருக்குக் கழுத்தெலும்பு முறிவு.
செனகலிலிருந்து வந்த அலியூன்
ஒற்றைக் காலுறையோடு நின்றான்,
மற்றதைப் பற்றி மட்டுமே பேசினான்.
போர்வை கொடுத்தபடி நெகானே
தன்னையறியாமல் எண்ணினாள்,
ஒன்றிலிருந்து.

அந்த வாரம் முழுக்கத் திருத்தினாள்.
இப்போது அவள் நிரல் மதிப்பைத் தருவதில்லை,
மூடிய பெட்டியைத் தருகிறது.
உள்ளே ஏதாவது இருக்கலாம்,
ஏன் இல்லை என்ற குறிப்பும் இருக்கலாம்.
இரண்டுக்கும் வழி எழுதாதவன்
பெட்டியைத் திறக்கவே முடியாது.
வரிகள் இரண்டு மடங்கு ஆயிற்று என்று
பில்பாவோ அலுவலகத்தில் முணுமுணுப்பு.
ஆகட்டும், என்றாள்.

விழுந்து அழுகிற நிரலை
ஊமையாக்கியதற்கு
பாதுகாப்பு என்று பெயர் வைத்தோமே,
அதைத்தான் அவளால் இன்னும்
எந்தப் பெட்டியிலும் போட முடியவில்லை.

ஜூனில் ஓர் இரவு. மணி மூன்று. தொலைபேசி.
'நெகானே, உன் பெட்டி
தெரியாது என்கிறது.'
'நல்லது' என்று சொல்லி
இருட்டில் காலணியைத் துழாவினாள்.