ஒட்டு

கோடை நீண்டுவிட்டது, மீனும் சாலடும் தின்கிறார்கள்;
ஐஸ் வாளியில் நிற்கிற மாதிரி ஏதாவது கொடு,
சிவப்பை யார் கேட்கிறார்கள்
என்றார் போர்தோ தரகர்.

மே மாதம். மாய்லிஸ் கூலி பேசிவிட்டாள்,
கொடிக்கு மூன்று யூரோ.
மெக்சிகோவிலிருந்து வந்த எலியூதேரியோ மண்டியிட்டு
முப்பத்தோரு வயது மெர்லோவை
முழங்கால் உயரத்தில் அறுக்கிறான்.
பிளவில் வெள்ளைத் திராட்சையின் ஒரு மொட்டு.
நாடாவைப் பல்லால் கடித்துத் துண்டிக்கிறான்.

வெட்டுவாயில் நீர் கசிகிறது.
விரலால் தொட்டு நக்குகிறாள்: நிறமில்லை, ருசியுமில்லை.
தெரிந்ததுதான், சிவப்பு பழத்தோலோடு சரி.
ஆனாலும் உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கிறாள்,
ரேகைக்குள் கடந்த அறுவடையின் ஊதா
இன்னும் இருக்கிறது.

நாலாயிரத்து இருநூறு கொடிகள்.
கடைசி வரிசையில் பதினேழை விட்டுவிடச் சொன்னாள்.
ஏனென்று அவன் கேட்கவில்லை,
கூலியில் கழித்துக்கொண்டான்.

இரவு, மகள் கொண்டுவந்த நுரைமதுப் போத்தல்.
தக்கை உத்தரத்தில் மோதி நாயின் முதுகில் விழுந்தது.
அவள் கணவன் எவ்ரார்
கறுத்த மதுவைத் தவிர வேறெதையும்
மதுவென்று ஒப்புக்கொண்டவன் இல்லை.
"இது என்ன, மூக்கைக் கடிக்கிற தண்ணீர்" என்றான்.
பிறகு தும்மினான்.
தும்மி முடித்ததும்
நிலவில் தெரிந்த வெள்ளை நாடாக்களைப் பார்த்துக்கொண்டே
காலிக் கோப்பையை
மகள் பக்கம் நகர்த்தினான்.