வட்டத்துக்குள் ஒரு புள்ளி

பீடோர் கோப்பிக் கடையில்
நாள்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு
அந்தக் குடும்பத்தை வரைந்தேன்.
ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம்.
நோய் இருந்தால் உள்ளே கறுப்பு.
இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு.

கனகேஸ்வரிக்கு மூன்று சதுரங்கள்.
முதலாவது ஏழு மாதம். அடுத்தது ஐந்து.
மூன்றாவதைக் கறுப்பாக்கினேன், கோடு போடவில்லை.
யுகேந்திரன்.
கோலாலம்பூரில் கண்ணாடி அறைக்குள்
பதினோரு வாரமாகக் கைகளை உறிஞ்சிக்கொண்டிருக்கிறான்.

மூடிப்போன தோட்ட மருந்தகத்தின் பேரேட்டில்
கரையான் விட்டுவைத்த பக்கங்களை
இரண்டு வருடம் படித்திருக்கிறேன்.
ஆண் குழந்தை, ஆறு மாதம், காய்ச்சல்.
ஆண் குழந்தை, நான்கு மாதம், பேதி.
ஆண் குழந்தை. காரணம் எழுதவில்லை.
யாரோ பென்சிலால்: கண்ணேறாம்.

பிறந்ததும் எல்லாருக்கும் போடும் காசநோய் ஊசி
நம் கையில் ஒரு தழும்போடு அடங்கிவிட்டது.
இவர்களுக்கு அக்குளில் நெறி கட்டி
சீழ் வைத்து, ஆறவே இல்லை.
காவலில்லாத வீட்டுக்கு
நாமே அனுப்பிய விருந்தாளி.
என் ஆய்வு தொடங்கியது
அந்த அக்குளில்தான்.

குருத்தணு என்றேன்.
சந்தனசாமி நிமிர்ந்தார்.
பகலெல்லாம் இளம் செம்பனைகளில்
வளைகம்பி விட்டு வண்டு எடுக்கிறவர்.
"குருத்து போச்சுன்னா மரமே போச்சு டாக்டர்.
செம்பனைக்கு ஒன்னுதான்."
ஆமாம் என்றேன்.
பக்கத்து மரத்துக் குருத்தை எடுத்து
அங்கே நட முடியாது,
இங்கே முடியும், சில சமயம்,
என்றும் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு அந்த வட்டத்தின் நடுவில்
ஒரு புள்ளி வைத்தேன்.
அவளுக்கு நோயில்லை, சுமக்கிறாள் என்று பொருள்.
எத்தனையோ தாளில் வைத்த புள்ளி.

கனகேஸ்வரி குனிந்து பார்த்தாள்.
"அது நானா? பொட்டு வச்ச மாதிரி இருக்கு."
கோப்பி ஆறும்வரை பேசவில்லை.
"மாமியா எட்டு வருசமா சொன்னத
நீங்க படம் போட்டுக் காட்டிட்டீங்க."

எழுத்துப் பிழை மாதிரி, என்று ஆரம்பித்தேன்.
எழுதினவள் யார் என்று கேட்கும் கண்கள்.
பழி வேறு, மரபு வேறு என்று
மாநாடுகளில் நான் காட்டும் வரி ஒன்று உண்டு.
அந்த மேசையில் அது
வாய்க்கு வரவில்லை.

தாட்சாயினிக்குப் பதினொரு வயது.
ஆறுக்கு ஆறும் தம்பியோடு பொருந்தியவள்.
இடுப்பெலும்பிலிருந்து அரைக் குவளை,
கெட்டிச் சிவப்பு.
"திரும்ப ஊறுமா?"
ஊறும்.
"எறா தின்னா எனக்கு அரிக்கும்.
இனிமே அவனுக்கும் அரிக்குமா?"
அதற்கு என்னிடம் இரண்டு கட்டுரைகள் இருந்தன,
பதில் இல்லை.

நாற்பத்திரண்டாம் நாள்
அவன் இரத்தத்தில் காவல் அணுக்களை எண்ணினேன்.
இருநூறில் நூற்றுத் தொண்ணூற்றாறில்
இரண்டு எக்ஸ்.
ஆண் பிள்ளை உடம்பு,
உள்ளே அக்காள் ரோந்து போகிறாள்.
மிஸி ரொகாயா கைதட்டினார்,
உடனே கையுறையை மாற்றிக்கொண்டார்.

தாட்சாயினியின் வட்டம் இன்னும் காலி.
பாதிக்குப் பாதி வாய்ப்பு.
அவளுடைய குழாய் உறைபெட்டியில் இருக்கிறது,
ஒரு மாலை போதும் எனக்கு.
பதினெட்டு ஆகட்டும், அவளே வந்து கேட்கட்டும்
என்பது விதி. நானும் கையெழுத்திட்ட விதி.

ஒவ்வொரு முறை வரும்போதும்
கனகேஸ்வரி முதலில் தாளைத்தான் பார்க்கிறாள்.
மகளின் வட்டத்தில் ஒன்றுமில்லை என்று
பார்த்து முடித்த பிறகுதான்
நாற்காலியை இழுத்து உட்கார்ந்து
"எறா குடுக்கலாமா டாக்டர்?" என்கிறாள்.