தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது

உலான்பாத்தர். மைனஸ் முப்பத்தொரு டிகிரி.
பள்ளியில் நூறுவரைதான் சொல்லித் தந்திருக்கிறார்கள்.
நொமுந்தாரிக்கு அதற்கு மேலும் தெரியும்;
பேருந்து நிறுத்தத்துப் பலகையில்
காற்றின் அழுக்கு எண்ணாக எரிகிறது.

நானூற்று இருபது: முகமூடி.
அறுநூறு: விளையாட்டு வகுப்பு கிடையாது.
நேற்றிரவு தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் நின்றுபோனது.
“அப்புறம்?” என்றாள்.
“கருவிக்கு அவ்வளவுதான் எண்ண வரும்” என்றார் அப்பா கன்சோரிக்,
அடுப்பில் இன்னொரு கரிக்கட்டியைத் தள்ளியபடி.
தள்ளாவிட்டால்
விடிவதற்குள் தம்பி விறைத்துப்போவான்.

தொலைக்காட்சியில் நிபுணர்:
பெற்றோருக்கு விழிப்புணர்வு போதாதாம்.
அவர் முதுகுக்குப் பின்னால்
காற்றுச் சுத்திகரிப்பான்,
பச்சை விளக்கோடு.

மருத்துவமனைத் தாழ்வாரம்.
ஒரு கட்டிலுக்கு மூன்று குழந்தைகள்.
தம்பியின் இருமலை எண்ணிக்கொண்டிருக்கிறாள் நொமுந்தாரி.
நூறைத் தாண்டிவிட்டாள்,
நிறுத்தவில்லை.